பாட்டி படமும் பத்தடி பேனரும்

பசுவந்தனைப் பக்கம் ஒரு துஷ்டி என்றால், பந்தல்காரருக்கு அடுத்தபடியாக ஆள் ஓடுவது பிளக்ஸ் கடைக்குத்தான். கையில் இருப்பது வாட்ஸப்பில் வந்த ஒரு படம். பேரன் கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசையில் நின்ற பாட்டியின் தலையை மட்டும் வெட்டி எடுத்ததாக இருக்கும். இல்லாவிட்டால் வாக்காளர் அட்டையை யாரோ அவசரத்தில் செல்போனில் படம் பிடித்ததாக இருக்கும். கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி, "எத்தனைக்கு எத்தனை?" பதிலும் ரெடி. "பத்துக்கு எட்டு. ரெண்டு மணி நேரத்துல வேணும் அண்ணாச்சி."

சில வருஷங்களுக்கு முன்பு வரை இந்தக் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். "கண்ணீர் அஞ்சலி" என்ற எழுத்து கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், பாட்டியின் முகம் மட்டும் கட்டம் கட்டமாக, கஞ்சி கொட்டியது போல இருக்கும். இப்போது முடிவு மாறிவிட்டது. "மங்கலா இருக்கே" என்றால் "ஏ.ஐ. போட்டு கிளியர் பண்ணித் தாரேன் தம்பி" என்கிறார்கள். கிளியராகத்தான் வருகிறது. பாட்டிதான் வரவில்லை.

இந்த இரண்டில் எது மோசம்? இரண்டாவதுதான். மங்கலான படம் "இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது" என்று ஒப்புக்கொள்கிறது. தெளிவாக்கப்பட்ட படம் தன்னிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்கிறது. இதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம், இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது.

பழைய கேமரா போன்களில் விஜிஏ என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு படம் என்பது 640க்கு 480 புள்ளிகள், மொத்தம் சுமார் 3 லட்சம். அந்தப் படத்தை அப்படியே பத்தடி அகலத்துக்கு இழுத்தால், 120 அங்குலத்தில் 640 புள்ளிகள். அங்குலத்துக்கு ஐந்து சொச்சம். ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், அதாவது ஒரு உளுந்து அளவு. அதுவும் படம் முழுவதும் பாட்டியாக இருந்தால்! கும்பலில் இருந்து வெட்டிய முகத்தில் குறுக்கே 100 புள்ளி இருந்தாலே அதிகம். அதை மூன்றடி அகல முகமாக ஆக்கினால் ஒவ்வொரு புள்ளியும் 9 மில்லிமீட்டர். கொண்டைக்கடலையை அடுக்கி வைத்து முகம் செய்த மாதிரிதான்.

ஆனால் கொண்டைக்கடலையில் செய்த முகமும் தூரத்தில் இருந்து பார்த்தால் முகமாகத்தான் தெரியும். நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 0.3 மில்லிமீட்டர் வரை பிரித்துப் பார்க்க முடியும். தூரம் கூடக் கூட இதுவும் கூடும். அந்த 9 மில்லிமீட்டர் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து போக முப்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டினால் தப்பிக்கலாம். வீட்டு வாசலில், பத்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் முன்னால் கட்டினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் "300 டிபிஐ வச்சுட்டா சரியாயிடும்" என்று சொல்வார். எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு :-) இந்த 300 எங்கிருந்து வந்தது? சிவகாசி போன்ற ஊர்களின் ஆப்செட் அச்சில் படத்தைச் சிறு சிறு மைப்புள்ளிகளாக உடைக்கிறார்கள். நல்ல தாளில் அங்குலத்துக்கு 150 வரிசை என்பது வழக்கமான ஒரு அளவு. வரிசைக்கு இரண்டு பிக்சல் கொடுத்தால் போதும் என்பது அச்சகத்தார் கணக்கு. 150ஐ இரண்டால் பெருக்கினால் 300. கையில் பிடித்து ஒரு அடி தூரத்தில் பார்க்கும் காலண்டருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அது சரி. சுவரில் மாட்டும் பிரேமுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். தெருவில் கட்டும் பேனருக்கு 20, 30 போதும். இன்னொரு வேடிக்கை. போட்டோஷாப்பில் அந்தப் பெட்டியில் 72 என்று இருப்பதை 300 என்று மாற்றி எழுதினால், ரீசாம்பிள் டிக் இல்லாதவரை, படத்தில் ஒரு புள்ளிகூடக் கூடுவதில்லை. பத்து ரூபாய் நோட்டின் மேல் நூறு என்று எழுதி வைத்தது மாதிரி.

டிக் போட்டால்? அப்போது மென்பொருள் புதுப் புள்ளிகளைச் சேர்க்கிறது. இதை பி.காம். படிக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம் இல்லையா, அது மாதிரி. பைலீனியர் என்பது பக்கத்தில் உள்ள 4 புள்ளிகளைப் பார்த்து நடுவில் ஒரு சராசரி வைக்கும். பைக்யூபிக் 16 புள்ளிகளைப் பார்த்து கொஞ்சம் புத்திசாலித்தனமாக வைக்கும். எப்படியானாலும் அது தெரியாத தொகைதான், தெரியாத தொகை என்ற தலைப்பிலேயே இருக்கிறது. பார்க்கிறவருக்கு மங்கல் தெரியும். "ஓ, இங்கே கணக்கு இடிக்கிறது" என்று புரியும்.

ஏ.ஐ. செய்வது சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இல்லை. அது வவுச்சரையே தயார் செய்கிறது. தேதி, பில் நம்பர், கையெழுத்து எல்லாம் பக்காவாக இருக்கும். ஆடிட்டரே ஏமாந்துபோவார்.

வேலை செய்யும் விதம் இதுதான். லட்சக்கணக்கான தெளிவான படங்களை எடுத்து, அவற்றையே சிறிதாக்கி மங்கலாக்கி, "இந்த மங்கலுக்கு இந்தத் தெளிவு" என்று ஒரு கணினி வலைக்குப் பாடம் நடத்துகிறார்கள். 2014 வாக்கில் தொடங்கிய இந்த ஆராய்ச்சி ரொம்ப வேகமாக வளர்ந்தது. 2021ல் அடோபியும் தன் மென்பொருளில் சூப்பர் ரெசொல்யூஷன் என்று ஒரு பொத்தானை வைத்தது. அதே வருஷம் ரியல் ஈஎஸ்ஆர்கான் என்ற இலவச முறை வந்தது. அதை உள்ளே வைத்துக்கொண்டு அப்ஸ்கேல் போன்ற இலவச மென்பொருள்கள் இயங்குகின்றன. வயல், மேகம், கோபுரம், செங்கல் சுவர் போன்றவற்றுக்கு இவை உண்மையிலேயே அருமையான கருவிகள். பசுவந்தனை கைலாசநாதர் கோவில் கோபுரத்தின் படத்தில் ஒரு கல்லின் ஓரம் கொஞ்சம் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. இயற்கைக் காட்சியைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டப் போகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முகம் அப்படியில்லை. 2020 ஜூனில் ஒரு சம்பவம் நடந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பல்ஸ் என்ற முறையில், ஒபாமாவின் கட்டம் கட்டமான சிறிய படத்தை யாரோ கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவான முகம் வந்தது. வெள்ளைக்காரர் ஒருவரின் முகம்! உலகத்தில் அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட மனிதர்களில் ஒருவருக்கே இந்தக் கதி. அந்தக் கருவி பழகிய படங்களில் எந்த மாதிரி முகங்கள் அதிகமோ அந்த மாதிரி முகத்தைத்தான் அது போட்டுத் தரும். 2024 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில் ஏ.ஐ. மூலம் தெளிவாக்கிய செல்போன் வீடியோவைச் சாட்சியமாகக் கொண்டுவந்தார்கள். நீதிபதி ஏற்க மறுத்துவிட்டார். வீடியோவில் இருப்பதை அந்த மென்பொருள் காட்டவில்லை, இருக்க வேண்டும் என்று அது நினைப்பதைக் காட்டுகிறது என்பதுதான் காரணம்.

இப்போது கரிசல் காட்டுப் பாட்டி ஒருவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். காது வளர்த்துப் பாம்படம் போட்டவர். வெயிலில் களை எடுத்தே கறுத்த முகம். கன்னத்தில் சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு. நெற்றியில் பச்சை குத்திய புள்ளி. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. 100 புள்ளி அகலமுள்ள படத்தில் இவையெல்லாம் எப்படி இருக்கும்? பாம்படம் காதுக்குக் கீழே ஒரு மஞ்சள் கறை. தழும்பு நாலு கறுப்புப் புள்ளி. பச்சை ஒரு அழுக்கு. இவற்றைத்தான் மென்பொருள் முதலில் துடைக்கும், ஏனென்றால் அதன் கணக்கில் இவை அழுக்கு. பாம்படம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அதற்குத் தெரியாவிட்டால், அந்த மஞ்சள் கறையைச் சின்னத் தோடாகவோ தோளில் கிடக்கும் சேலை மடிப்பாகவோ மாற்றிவிடும். தோலைப் பளபளவென்று ஆக்கும், கண்ணுக்கு இமை முடி நட்டுவிடும், வாயில் இல்லாத பல்லை வரிசையாக வைக்கும். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயைக்கூட லிப்ஸ்டிக் என்று நினைத்துக்கொண்டால் ஆச்சரியமில்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும் பேனர் கிழிந்து மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போய்விடும், அது பிரச்சினையே இல்லை. ஆனால் அதே பைலைத்தான் பிரேம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள். அதே பைல்தான் குடும்ப வாட்ஸப் குரூப்பில் சுற்றுகிறது. பத்து வருஷம் கழித்துக் கொள்ளுப்பேத்தி பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தான். பழைய சின்னப் படம் அதற்குள் எங்கேயோ தொலைந்திருக்கும். பாட்டிக்கு இருந்ததே மொத்தம் இரண்டு மூன்று போட்டோ என்றால், பேனருக்காகச் செய்த அவசர வேலையில் அந்த முகமே உலகத்தில் இருந்து மறைந்துபோகிறது.

"அட, ஸ்டூடியோக்காரர்கள் அந்தக் காலத்தில் டச்சப் பண்ணவில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெகட்டிவின் மேலேயே பென்சில் வைத்துச் சுருக்கத்தைத் தேய்த்தார்கள், கறுப்பைக் கொஞ்சம் வெளுப்பாக்கினார்கள். ஆனால் அந்தக் கை வேலை செய்தது இருக்கிற முகத்தின் மேல். டச்சப் பண்ணியவருக்குப் பாம்படம் என்றால் என்னவென்று தெரியும். அதை அழித்திருந்தால் வீட்டார் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

சின்னதைப் பெரிதாக்குவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், தீப்பெட்டி என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சி. கொண்டையராஜு (1898-1976) வாழ்ந்து வரைந்த ஊர் அது. ஒரு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைகிறவராக வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாடு முழுக்கக் காலண்டர்களில் தொங்கினார்கள். நாடகத் திரை வரைகிறவர்கள், கட்அவுட் வரைகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு முறை உண்டு. கையளவு படத்தின் மேல் கட்டம் போடுவார்கள், துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவார்கள், ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைவார்கள். கட்டத்துக்குள் இல்லாத விவரத்தை ஓவியர் தன் அனுபவத்தில் இருந்து போட்டுக்கொள்வார். ஏ.ஐ. செய்வதும் இதேதானே என்று தோன்றும். ஒரு வித்தியாசம். ஓவியர் மூலையில் கையெழுத்துப் போட்டார். அது ஓவியம் என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அதைப் புகைப்படம் என்று சொல்லி விற்கவில்லை.

எட்டயபுரத்துக்காரர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாரதி 1921 செப்டம்பரில் இறந்தார். அவருடைய நிஜமான புகைப்படங்களாகக் கிடைப்பவை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடியவை. சுவரிலும் பள்ளிக்கூடத்திலும் நாம் பார்த்துப் பழகிய முண்டாசு முகங்களில் பெரும்பாலானவை ஓவியர்கள் போட்டவை. அதில் தப்பே இல்லை, ஓவியர்களின் பாரதி ஓவியர்களின் பாரதியாகவே இருக்கட்டும். ஆனால் இப்போது வலையில் "பாரதியின் அரிய வண்ணப் புகைப்படம்" என்று தோல் துளைகள்கூடத் தெரிகிற மாதிரி படங்கள் சுற்றுகின்றன. பார்க்கிற பள்ளிக்கூடப் பையனுக்கு எது கேமரா பார்த்தது, எது கணினி கற்பனை செய்தது என்று எப்படித் தெரியும்? மகாகவிக்காவது சரிபார்க்க மூலப்படங்கள் பாதுகாப்பாக இருக்கின்றன. பாட்டிக்கு?

சரி, தரம் குறையாமல் பெரிதாக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பைலில் இல்லை, பரணில் இருக்கிறது.

வாட்ஸப் படம் என்பது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். சாதாரணமாக அனுப்பும்போது நீளப் பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிக்குச் சுருக்கி, ஜேபெக்கை இன்னும் அழுத்தி அனுப்புகிறது. ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். பேனரில் தெரிகிற கட்டங்கள் இவையேதான். மகன் மருமகனுக்கு, மருமகன் மச்சானுக்கு, மச்சான் கடைக்கு என்று மூன்று கை மாறினால் கேட்கவே வேண்டாம். 2023ல் எச்டி என்று ஒரு வசதி வந்தது, அது கொஞ்சம் தேவலை. டாக்குமெண்டாக அனுப்பினால் மூலப் பைல் அப்படியே போகும். செலவு ஒன்றும் இல்லை, இரண்டு தடவை கூடுதலாகத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், டிரங்குப் பெட்டியைத் திறப்பது. பாட்டியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று கிடைத்தால், அது 3.5க்கு 4.5 சென்டிமீட்டர். பிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுத்தால் 827க்கு 1063 புள்ளிகள். இதைச் சுவரில் மாட்டும் 12க்கு 15 பிரேமாக ஆக்கினால் அங்குலத்துக்கு 70 புள்ளி வருகிறது. ஐந்தடி தள்ளி நின்று பார்க்கிற கண்ணுக்கு அதுவே மிச்சம். பேனரில் மூன்றடி அகலத்துக்கு இழுத்தாலும் ஒரு புள்ளி 1.1 மில்லிமீட்டர்தான், பன்னிரண்டு பதிமூன்று அடி தள்ளி நின்றால் புள்ளியே தெரியாது. மேலே சொன்ன கொண்டைக்கடலை எங்கே, இது எங்கே! ஏ.ஐ.க்கு வேலையே இல்லை.

நெகட்டிவ் கிடைத்தால் லாட்டரிதான். 35 எம்எம் நெகட்டிவை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3400க்கு 2270, கிட்டத்தட்ட 77 லட்சம் புள்ளி. விஜிஏ படத்தைப் போல 25 மடங்கு. வருத்தம் என்னவென்றால், டிஜிட்டல் வந்தபோது பல ஸ்டூடியோக்களில் பழைய நெகட்டிவ் பெட்டிகளைக் குப்பைக்குப் போட்டுவிட்டார்கள், கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை அதில் உள்ள வெள்ளிக்காக எடைக்கும் போட்டார்கள். ஆனாலும் பழைய ஸ்டூடியோ ஏதாவது இன்னும் திறந்திருந்தால் போய்க் கேட்பதில் நஷ்டமில்லை.

ஸ்கேனர் பக்கத்தில் இல்லையா? போட்டோவைப் பிரேமில் இருந்து கழற்றி, மதிய வெயிலில் அல்லாமல் நிழலில், சீரான வெளிச்சத்தில், போனை நேர் மேலே பிடித்து எடுத்தால் போதும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை மட்டும் பிய்க்கக் கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும், அப்படியே எடுப்பதுதான் நல்லது.

எதுவுமே இல்லை, அந்த ஒரு மங்கல் படம்தான் இருக்கிறது என்றால்? அப்போது பேனரைப் பெரிதாக்கலாம், முகத்தைப் பெரிதாக்க வேண்டாம். எழுத்தும் ஓரப் பூவும் கோரல்டிராவில் கோடுகளாக இருப்பவை, அவற்றை எவ்வளவு இழுத்தாலும் கெடாது. பேரும் ஊரும் பெரிதாக இருக்கட்டும், படம் ஒரு அடிக்குள் ஒரு வட்டத்தில் இருக்கட்டும். வட்டச் செயலாளரின் தலை இருபதடி உயரத்துக்கு நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் சிறிதாகத் தெரியும். பரவாயில்லை.

கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சவம் எடுப்பதற்குள் வேண்டும் என்று தலைக்கு மேல் பத்துப் பேர் நின்றால் யாரானாலும் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். வீட்டார் சொல்ல வேண்டும். "முகத்துல கை வைக்க வேண்டாம் அண்ணாச்சி, மங்கலா இருந்தாலும் சரி." கட்டாயம் ஏ.ஐ. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், பாட்டியோடு பழகின பெரிய மனுஷி ஒருத்தியிடம் காட்டிவிட்டுப் பிரிண்ட் போடச் சொல்லலாம். "இது யாரு?" என்று அவர் கேட்டுவிட்டால் பைலை அழித்துவிட வேண்டும்.

பிரேம் போடும்போது செய்ய வேண்டியது இன்னும் ஒன்று. பேர், ஊர், எடுத்த வருஷம், எந்தப் படத்தில் இருந்து பெரிதாக்கியது, என்ன மாற்றியது என்று ஒரு காலிக் காகிதக் கவர் மேல் முதலில் எழுதி, அதற்குப் பிறகு மூலப் போட்டோவை அதில் போட்டு, பிரேமின் பின்பக்க அட்டையில் ஒட்டிவிடுவது. போட்டோவின் பின்னால் நேரடியாக எழுத வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும்.